ரெக்கார்டு நோட்டில் எழுதப்படும் எண்கள்: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்களுக்கும், கல்லூரி முதலாண்டுச் செய்முறை வகுப்புகளை நடத்துவோருக்கும், ஆய்வக உதவியாளர்களுக்கும்,



உயிரியல் பாடநூல்களின் தொடக்க இயல்களில் அறிவியல் முறை என்பது உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்னும் படிவரிசையாகச் சொல்லப்படுகிறது. அந்த வரிசையில் தனித் தலைப்பு எதுவும் பெறாமல், ஆனால் ஒவ்வொரு படியையும் தாங்கி நிற்பது, மாணவர் தம் கண்ணால் கண்டதைக் கண்டபடியே எழுதிவைக்கும் செயலாகும். இம்மடல் அந்த ஒரு செயலைப் பற்றியது. செய்முறை வகுப்பில் மாணவருக்குக் கிடைத்த அளவு பாடநூலில் உள்ள அளவோடு பொருந்தாதபோது ரெக்கார்டு நோட்டில் எந்த எண் ஏறுகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் கிடைக்கும் விடை, ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே: முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்தோ வழிகாட்டி நூலிலிருந்தோ எடுக்கப்பட்ட ‘சரியான’ எண் ஏறுகிறது, மாணவர் தாமே அளந்து பெற்ற எண் ரப்பரால் அழிக்கப்படுகிறது. இதனைப் பழக்கதோஷம் என்று விட்டுவிட இயலாது. மாணவர் அந்த ஆய்வகத்தில் செலவிட்ட நேரம் முழுவதையும் பொருளற்றதாக்கும் செயல் அது.

அளந்ததை மறைக்காமல் எழுதிவைப்பவர், தாம் எட்டிய முடிவு தவறாக இருந்தபோதும், அறிவியலுக்குப் பயன்படுகிறார் என்பதற்கு வான் ஹெல்மான்ட் என்னும் பிளெமிஷ் மருத்துவரின் வில்லோ மரச் சோதனை நல்ல சான்று. மண்பாண்டம் ஒன்றில் அடுப்பில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணை இட்டு, 5 பவுண்டு எடையுள்ள கன்றை நட்டு, மழைநீரையோ வடித்தெடுத்த நீரையோ மட்டும் ஊற்றி, வெளித்தூசி விழாதபடி துளையிட்ட தகட்டால் மூடி வளர்த்ததில், ஐந்தாண்டுகளுக்குப் பின் மரம் ஏறத்தாழ 169 பவுண்டு 3 அவுன்ஸ் எடை இருந்ததாகவும், மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது மண்ணின் எடை ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்ததாகவும், அவர் மறைந்தபின் 1648இல் வெளியான நூல் தெரிவிக்கிறது. நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளின் எடையைத் தாம் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் அவரே குறித்திருக்கிறார். மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் கொண்ட முடிவு பிழையானது. காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கும் மரத்தின் எடைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. ஆயினும், மரத்தின் பெரும்பகுதி மண்ணிலிருந்து வரவில்லை என்பதை அந்த எண்கள் காட்டிவிட்டன. 1804இல் தெ சோசூர் என்னும் ஆய்வாளர், தாவரத்தின் எடை கூடுவதில் கரியமில வாயு, நீர் ஆகிய இரண்டுக்குமே பங்குண்டு என்பதைத் தம் அளவீடுகளால் காட்டியபோது வான் ஹெல்மான்டின் எண்களில் எதையும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. அவற்றுக்கான விளக்கம் மட்டுமே மாறியது.

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்று இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. செய்முறை வகுப்பு நடத்தும் ஒவ்வொருவரும் அதனை விரிவாக அறிந்திருப்பது நல்லது என்பதால் இங்குச் சற்று நின்று சொல்லப்படுகிறது. மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்பதை, விந்தகத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி எண்ணியவர்களுள் டெக்சாஸைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயின்டர் முதன்மையானவர். 1921இல் அவர் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையில், தம் எண்ணிக்கைகள் 45 முதல் 48 வரை அமைந்தன என்றும், மிகத் தெளிவாகத் தெரிந்த உயிரணுக்களில் 46 மட்டுமே காணப்பட்டன என்றும் பதிவு செய்திருந்தார். 1923இல் வந்த விரிவான கட்டுரையில் 48 என்று முடிவுகட்டினார். வெட்டிய சீவலில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும், சில வெட்டுண்டு இரண்டாகத் தோன்றியும் கிடக்குமாதலால், அன்றைய நுட்பத்தை வைத்துப் பார்க்கையில் அவரைக் குறை கூற இடமில்லை. ஆனால் அதன்பின் முப்பதாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பாடநூல்கள் 48 என்றே அச்சிட்டன. பலர் பல திசுக்களில் எண்ணியபோதும் 48 என்ற எண்ணையே கண்டறிந்தார்கள்.

1952இல் கால்வெஸ்டன் நகர ஆய்வகத்தில் டி.சி. சூ என்பவரின் உயிரணு வளர்ப்புகளில் குரோமோசோம்கள் வழக்கத்துக்கு மாறாக நன்கு விலகிப் பரவித் தெரிந்தன. காரணத்தைத் தேடிய அவர், உயிரணுக்களைக் கழுவப் பயன்படும் உப்புக் கரைசலின் தயாரிப்பை ஒவ்வொரு கூறாக மாற்றிப் பார்த்து, கரைசலில் உப்பின் செறிவு குறைந்துபோனதே காரணம் என்று கண்டறிந்தார். செறிவு குறைந்த கரைசலிலிருந்து நீர் உயிரணுவுக்குள் புகுந்து அதனை உப்பச் செய்வதால், உள்ளே நெருங்கிக் கிடக்கும் குரோமோசோம்கள் இடம் பெற்று விலகுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று வகுப்பறையில் சொல்லப்படும் விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. எனினும் சூ அவர்களே, இத்தனை தெளிவான படங்களை முன்வைத்துக்கொண்டு, 48 என்றே எழுதினார். கருவி மேம்பட்டுவிட்டது, எண் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவானின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, மனிதக் கருவின் நுரையீரல் உயிரணுக்களை வளர்த்து, செறிவு குறைந்த கரைசலோடு, உயிரணுப் பகுப்பை நடுக்கட்டத்தில் நிறுத்தும் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளையும் பயன்படுத்தி எண்ணினார். கிடைத்தது 46. அந்த முடிவு 1956இல் ஜியோ, லெவான் இருவர் பெயரிலும் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஃபோர்டும் ஹாமர்ட்டனும் விந்தக உயிரணுக்களில் 23 இணைகளைக் கண்டு அதனை உறுதிசெய்தனர். ஜியோ, லெவான் கட்டுரையின் இறுதிப் பகுதியில் உள்ள ஒரு செய்தி ஆசிரியர்களின் சிந்தனைக்கு உரியது. அவர்களுக்கு முன்பே ஸ்வீடனைச் சேர்ந்த வேறு மூவர் மனிதக் கருவின் கல்லீரல் உயிரணுக்களில் எண்ணிப் பார்த்து, 48 குரோமோசோம்களையும் காண முடியவில்லை என்ற காரணத்தால் ஆய்வையே இடைநிறுத்தினார்கள் என்றும், அவர்களுடைய கண்ணாடித் தகடுகளில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டது 46தான் என்றும் அங்குக் கூறப்பட்டுள்ளது. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் செய்முறைதான் பழுதுபட்டது என்று எண்ணித் தேர்ந்த ஆய்வாளர்களே பின்வாங்கியிருக்கிறார்கள். அடிப்படை எண் திருத்தப்பட்ட மூன்றே ஆண்டுகளில், 1959இல், டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் 47 குரோமோசோம்கள் இருப்பதை லெஜூன், கோத்தியே, டுர்பன் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இயல்பான எண் எது என்பதில் உறுதியில்லாத வரையில், கூடுதலாக ஒன்று இருப்பதைப் பற்றிப் பேசவே வழி இருந்திருக்காது.

பதினோராம் வகுப்பு மாணவரிடம் இத்தகைய நேர்மையை எதிர்பார்ப்பது மிகையன்றோ என்று கேட்கப்படலாம். அந்த ஸ்வீடன் ஆய்வாளர்கள் செய்ததும், நோட்டில் எண்ணைத் திருத்தும் மாணவர் செய்வதும் ஒரே அச்சத்திலிருந்து பிறப்பவை என்பதே இதற்கு விடை. தன் எண் பிறர் எண்ணோடு பொருந்தவில்லை எனில் தவறு தன்னுடையதாகவே இருக்கும் என்ற அச்சம் அது. அந்த அச்சத்தை நீக்குவதற்கு அறிவுரை போதாது. தன் எண்ணை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று மாணவரே கணித்துக்கொள்ளும் திறன் வேண்டும். அளவிடும் கருவிகளைப் பற்றிய பாடத்தின் நோக்கமே அதுதான். கருவிகளின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிப்பதோடு அப்பாடம் முடிந்துவிடுமானால், கருவி மாணவருக்கு ஒரு ‘ஸ்பாட்டர்’ மட்டுமாகவே எஞ்சும்.

நுண்ணோக்கியை எடுத்துக்கொள்ளலாம். கண்ணருகு வில்லைக்குள் வைக்கப்படும் ஆக்குலர் மைக்ரோமீட்டர் என்னும் சிறு அளவுகோலில் கோடுகள் உண்டு, ஆனால் அவற்றுக்குத் தமக்கென அளவு கிடையாது. பொருள் வைக்கும் மேடையில் வைக்கப்படும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் 1 மில்லிமீட்டர் நீளம் 100 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அதன் ஒரு பகுதி 10 மைக்ரோமீட்டர் ஆகும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கையில், 10 மடங்கு பொருளருகு வில்லையில் ஆக்குலரின் 100 கோட்டிடைவெளிகள் மேடை அளவுகோலின் 100 பகுதிகளோடு ஒத்திருந்தால், ஆக்குலரின் ஓர் இடைவெளி 10 மைக்ரோமீட்டர். 40 மடங்கு வில்லைக்கு மாறியதும் அதே 100 இடைவெளிகள் மேடையின் 25 பகுதிகளுக்குள் அடங்கிவிடும். ஓர் இடைவெளியின் மதிப்பு 2.5 மைக்ரோமீட்டராகக் குறையும். வெங்காயச் செதிலின் உட்தோலிலுள்ள ஓர் உயிரணுவை முதல் வில்லையில் அளந்த மாணவர், அதன் விளிம்பு 24ஆம் கோட்டுக்கும் 25ஆம் கோட்டுக்கும் இடையே விழுகிறது என்று காண்பார். ஆகவே அவருக்குக் கிடைத்தது 240க்கும் 250க்கும் இடைப்பட்ட ஒரு நீளம். இரண்டாம் வில்லையில் அதே உயிரணு 97 இடைவெளிகள் நீண்டிருக்குமானால் 242.5 மைக்ரோமீட்டர் என்று வரும். இரு விடைகளுள் எது சரி என்று மாணவர் கேட்கும் அந்தத் தருணம் விலைமதிப்பற்றது. இரண்டும் சரி; முதல் எண்ணில் ஐயத்தின் அகலம் பெரிது, இரண்டாவதில் சிறிது, அவ்வளவே. ஒவ்வோர் அளவீட்டோடும் அதன் ஐயத்தின் அகலமும் எழுதப்பட வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்க இயலாது.

மேடை அளவுகோல் இல்லாத பள்ளிகளிலும் இதற்குத் தடை இல்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை 4 மடங்கு வில்லையின் கீழ் வைத்துப் பார்வைப் புலத்தின் விட்டத்தை அளந்துகொண்டால் போதும். அது 4.5 மில்லிமீட்டர் என்றால், 10 மடங்கில் 1.8 மில்லிமீட்டரும் 40 மடங்கில் 0.45 மில்லிமீட்டரும் ஆகும். புலத்தின் குறுக்கே எத்தனை உயிரணுக்கள் அடங்குகின்றன என்று எண்ணி வகுத்தால் ஒன்றின் நீளம் கிடைத்துவிடும். நுட்பம் குறைவுதான், ஆனால் எண் மாணவருடையது. ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது என்பதையும், உருப்பெருக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த எல்லை நகராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அளவுசாடியில் நீரின் மேற்பரப்பு சுவரை ஒட்டி ஏறி நடுவில் குழிந்திருக்கும் பிறைத்தளத்தின் அடிப்பகுதியைக் கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதும், பீக்கரில் உள்ள கோடுகள் உத்தேசமானவை என்பதும் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லிவருவனவே.

மேல்நிலை வகுப்புகளில் ஒளிச்சேர்க்கைக்கெனச் செய்துகாட்டப்படும் ஹைட்ரில்லாச் சோதனையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. நீரில் மூழ்கிய ஹைட்ரில்லாத் தண்டின் வெட்டுமுனையிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழிகள் எழுகின்றன என்று எண்ணி, விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்து ஒளியின் அளவுக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் உள்ள தொடர்பைக் காண்பது அதன் நோக்கம். விளக்கின் தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். குமிழிகளும் அவ்வாறே குறையும் என்று மாணவர் எதிர்பார்ப்பர். நடப்பதோ வேறு. ஒரு தண்டு பெரிய குமிழிகளை மெதுவாகவும் இன்னொன்று சிறு குமிழிகளை விரைவாகவும் விடும். குமிழியில் இருப்பது முழுவதும் ஆக்ஸிஜன் அன்று. விளக்கு அருகில் இருக்கையில் நீர் சூடாவதால், கூடிய குமிழிகள் ஒளியால் வந்தனவா வெப்பத்தால் வந்தனவா என்று பிரித்துச் சொல்ல இயலாது. நீரில் கரைந்துள்ள கரியமில வாயு தீர்ந்துவிட்டால் ஒளி எவ்வளவு கூடினாலும் பயனில்லை என்பதால்தான் அதில் சோடியம் பைகார்பனேட் சிறிது சேர்க்கப்படுகிறது. விளக்குக்கும் பீக்கருக்கும் இடையே நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தால் வெப்பம் பெருமளவு தடுக்கப்பட்டு, ஒளி மட்டுமே மாறியாக எஞ்சும். இத்தகைய ஏற்பாடு புதிதன்று. திறந்த குடுவையிலும் மூடிய குடுவையிலும் இறைச்சியை வைத்து, ஈக்கள் அணுக முடியாத குடுவையில் புழுக்கள் தோன்றவில்லை என்று 1668இல் காட்டிய பிரான்செஸ்கோ ரெடி, மூடியதால் காற்றும் தடைப்பட்டதே என்ற ஐயத்துக்கு இடம் வைக்காமல், மெல்லிய துணியால் வாய் மூடிய குடுவைகளையும் சேர்த்துக்கொண்டார். அந்தத் துணி செய்த வேலையைத்தான் இங்கு நீர்த்தொட்டி செய்கிறது.

இத்தனை சிக்கல்களும் நிறைந்த சோதனையில் நாற்பது மாணவர்களின் நோட்டுகளிலும் ஒரே ஒழுங்கான அட்டவணை இருக்குமானால், சோதனை எந்தக் கேள்வியையும் எழுப்பாமல் போய்விட்டது என்றே பொருள். நாற்பது எண்களும் கரும்பலகையில் எழுதப்பட்டு, ஏன் இவ்வளவு வேறுபாடு என்று வகுப்பு கேட்டிருக்குமானால், மேற்சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் மாணவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

உயிரியலில் வேறுபாடு எப்போதும் பிழையின் அடையாளமன்று என்பதையும் கருத வேண்டும். இயற்பியலில் ஒரு மாறிலியைப் பலர் அளக்கையில் விலகல்கள் பெரும்பாலும் கருவியைச் சார்ந்தவை. உயிரியலில் அவை அளக்கப்படும் உயிரையே சார்ந்திருக்கக்கூடும். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்புக் கலப்பினங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர்; டார்லிங்டன் என்னும் ஆய்வாளருடன் இணைந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து நூலாக்கியவர். கரும்பின் உறவினமான சக்காரம் ஸ்பான்டேனியம் என்னும் காட்டுப் புல்லில் இடத்துக்கிடம் குரோமோசோம் எண் 40 முதல் 128 வரை மாறுபடுகிறது. சரியான விடை ஒன்றுதான் என்று முடிவுசெய்துகொண்டு நுண்ணோக்கியில் கண் வைப்பவருக்கு இந்த உண்மை பிழைகளின் குவியலாகவே தோன்றியிருக்கும்.

ஆசிரியர்களின் நிலை அறியாமல் இவை கூறப்படவில்லை. பெரிய வகுப்புகளுக்குச் சில நுண்ணோக்கிகளே இருப்பதும், பாடவேளை முடிவதற்குள் அனைவரும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டியிருப்பதும், செய்முறைத் தேர்வு நெருங்குகையில் நோட்டுகள் முழுமையாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடியும் உண்மையானவை. நோட்டின் தூய்மைக்கும் முழுமைக்கும் மதிப்பெண் கிடைக்கையில், கிடைத்த எண்ணை மாற்றாமல் வைத்த மாணவருக்குத் தனியாக எதுவும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆகவே இம்மடலின் வேண்டுகோள், புதிய கருவிகளோ கூடுதல் பாடவேளைகளோ இன்றித் தங்களால் செய்யக்கூடியதாகவே அமைகிறது. அப்சர்வேஷன் நோட்டு பேனாவால் மட்டுமே எழுதப்படட்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம், ஆனால் அழிக்கக் கூடாது. ரெக்கார்டு நோட்டின் எண்கள் அப்சர்வேஷன் நோட்டில் உள்ளவையாகவே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பம் இடப்படட்டும். எதிர்பார்த்த எண் கிடைக்காத மாணவர் அதற்கான காரணமாகத் தாம் கருதுவதை இரண்டு வரிகளில் எழுதினால், அதற்கு மதிப்பெண் உண்டு என்று முதல் வகுப்பிலேயே அறிவிக்கப்படட்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்களும் இதே அளவுகோலைக் கைக்கொண்டால், மாணவரின் அச்சம் ஓராண்டில் பெருமளவு குறைந்துவிடும்.

இதனைத் தொடங்குவதற்கு வெங்காய வேர்நுனிச் சோதனை மிகப் பொருத்தமானது. நீர்க்குடுவையின் வாயில் வைத்து வளர்த்த வெங்காயத்தின் வேர்நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் இட்டு நிலைநிறுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, மூடுவில்லையின் மேல் ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் நசுக்குகையில், பகுப்பின் நடுக்கட்டத்திலுள்ள ஓர் உயிரணுவில் 16 குரோமோசோம்கள் தெரிய வேண்டும். அந்த எண்ணை முன்கூட்டிச் சொல்லாமல் மாணவர்களை எண்ணச் சொன்னால் 13, 15, 17 எனப் பலவும் வரும். நசுக்கியது போதாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தவை குறைவாகவும், இரு குரோமாட்டிடுகள் விலகித் தெரிந்த இடத்தில் மிகுதியாகவும் எண்ணப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தாம் எண்ணியதையும், எந்த இடத்தில் ஐயம் எழுந்தது என்பதையும் சிறு வரைபடத்தில் குறித்துவிட்டு, வகுப்பு முழுவதும் கிடைத்த எண்களைக் கரும்பலகையில் அடுக்கிப் பார்த்து, அதன் பின்னர் பாடநூலைத் திறக்கட்டும். வரும் கல்வியாண்டின் முதல் உயிரணுப் பகுப்புச் செய்முறையிலிருந்தே இதனைச் செய்து பார்க்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.

பணிவன்புடன்,
உயிரியல் செய்முறைக் கல்வியில் அக்கறை கொண்டோர்